குழந்தையின் தலையில் சேராங்கொட்டையா? வேண்டவே வேண்டாம்!

காலையில் ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. அவசர அவசரமாகப் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறீர்கள். வகிடு எடுக்கும்போது சீப்பு ஓர் இடத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. முடியை விலக்கிப் பார்த்தால்... ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று, ஒரு முடிகூட இல்லாமல்! ‘என்னங்க, இங்கே கொஞ்சம் வாங்களேன்!’ என்று நீங்கள் போடுகிற சத்தத்திலேயே பிள்ளை அரண்டுபோய்விடுகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று என்னால் அப்படியே சொல்ல முடியும். மாமியார் வந்து பார்ப்பார். ‘புழுவெட்டுதான். ராத்திரி ஏதோ பூச்சி அரிச்சிருக்கு’ என்பார். எதிர்வீட்டு அக்கா, ‘எங்க அண்ணன் பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. சேராங்கொட்டை வச்சுத் தேய்ச்சோம். மூணே மாசம், காடு மாதிரி வளந்துடுச்சு’ என்பார். சாயங்காலத்துக்குள் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டியாகிவிடும்.

அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ‘சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே!’ என்று ஆச்சரியப்பட வேண்டாம். சித்த மருத்துவத்தை முறையாகக் கல்லூரியில் படித்தவன் என்பதால்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. பாட்டிதான் வைத்தியம் பார்த்தார். சேராங்கொட்டையைச் சுட்டு, வடிந்த எண்ணெயைத் தொட்டு வைத்திருக்கிறார். முதல் தடவை ஒன்றுமே ஆகவில்லை. ‘மருந்து பத்தலை போலிருக்கு’ என்று பத்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கிறார். இரண்டாம் நாள் காலையில் குழந்தையால் கண்ணைத் திறக்க முடியவில்லை. முகம் முழுக்க வீங்கி, தலையில் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்து, பிறகு அது சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து... மூன்று வாரம் ஸ்கூல் போச்சு.

புண் எல்லாம் ஆறிய பிறகு, ‘இனிமே முடி வளர்றதுக்கு ஏதாவது தைலம் கொடுங்க டாக்டர்’ என்று கேட்டுத்தான் வந்தார்கள். நான் தலையை முழுக்க விலக்கிப் பார்த்தேன். பிடரியில், ஜடைக்கு அடியில், வீட்டில் யாருமே கவனிக்காத இன்னொரு வட்டம் இருந்தது. யாரும் பார்க்காததால் அதற்கு யாரும் மருந்தும் வைக்கவில்லை. அதில் பூனை மயிர் மாதிரி மெல்லிசாக வெள்ளை முடி முளைத்திருந்தது. மருந்து வைத்த மேல் வட்டத்திலோ தோல் தடித்துப் பளபளவென்று தழும்பாகிவிட்டது. முடியின் வேரே அங்கே இல்லை. அடுத்த ஐந்தாறு மாதத்தில் கீழ் வட்டம் கறுப்பு முடியால் மூடிவிட்டது. மேலே இருப்பது அப்படியேதான் இருக்கிறது. இனி எந்தத் தைலத்துக்கும் அது அசையாது. நோயால் வந்த வழுக்கை போய்விட்டது. வைத்தியத்தால் வந்தது நின்றுவிட்டது.

ஏன் இப்படி? முதலில் இந்தப் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. புழுவெட்டில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. நம் உடம்புக்குள் கிருமிகளை எதிர்த்துப் போராட ஒரு காவல்படை இருக்கிறது அல்லவா, அந்தப் படையில் சில அணுக்கள் ஆள் தெரியாமல் நம்முடைய முடி வேரையே எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. அடி வாங்கிய வேர் வேலைநிறுத்தம் செய்கிறது. முடி உதிர்கிறது. கவனியுங்கள், வேர் சாகவில்லை. தோலுக்கு அடியில் உயிரோடு உறங்கிக்கொண்டிருக்கிறது. தாக்குதல் ஓய்ந்தால் அது எழுந்துகொள்ளும். ‘அலோபீஷியா ஏரியேட்டா’ என்று ஆங்கில வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. அப்படியொன்றும் அபூர்வமான வியாதி இல்லை.

ஒன்றிரண்டு வட்டத்தோடு நின்றுவிட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் முடி தானாக வளர்ந்துவிடும். எதிர்வீட்டு அக்காவின் அண்ணன் பையனுக்கு வளர்ந்த ரகசியம் இதுதான். சேராங்கொட்டை இல்லாமலும் வளர்ந்திருக்கும். பழி வந்தால் விதிக்கு, புகழ் வந்தால் மருந்துக்கு என்று நாம் எழுதிவிடுகிறோம்! சொல்லப்போனால், ‘புழுவெட்டுக்குக் கைகண்ட மருந்து’ என்று விளம்பரப்படுத்துகிற எந்தப் பாட்டிலுக்கும், அதில் வெறும் தேங்காய் எண்ணெய் இருந்தாலும், பத்துப் பேரில் ஐந்தாறு பேர் நன்றி சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் துறையில் இருக்கிற பலருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

அதற்காகப் பழைய வைத்தியம் முட்டாள்தனமானது என்று நான் சொல்லவில்லை. இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது. சேராங்கொட்டை, மா, முந்திரி மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஜாதி விஷம்தான் சேராங்கொட்டையில் பல மடங்கு உக்கிரமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளிகள் துணிக்குக் குறி போட்டது இந்தக் கொட்டையின் சாற்றால்தான். எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. துணியில் போகாத மை குழந்தையின் மண்டைத் தோலில் என்ன செய்யும்?

ஆனால், தோலில் வேண்டுமென்றே ஒரு சின்ன எரிச்சலை உண்டாக்கி, காவல்படையின் கவனத்தை முடி வேரிலிருந்து அந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்ற யோசனை இருக்கிறதே, அது சரியான யோசனைதான். இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தோல் நிபுணர்கள் ‘டைஃபென்சிப்ரோன்’ என்ற ரசாயனத்தை வைத்து இதையேதான் செய்கிறார்கள். நம் முன்னோர் அனுபவத்தில் கண்டதை அவர்கள் அளவோடு செய்கிறார்கள். ஆயிரத்தில், லட்சத்தில் ஒரு பங்கு என்று நீர்த்த கரைசலில் ஆரம்பித்து, வாரா வாரம் தோலைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். பாட்டியின் விரல் நுனிக்கு அந்த அளவு தெரியாதே!

இன்னொன்று. முதல் தடவை ஒன்றும் ஆகாமல் இரண்டாம் தடவை பொங்கிவிட்டதே, அது தற்செயல் இல்லை. இந்த மாதிரி அலர்ஜியின் குணமே அதுதான். முதல் முறை உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை ஒரு துளி பட்டாலும் படையெடுத்து வருகிறது. ஆகவே ‘போன தடவை தாங்கிச்சே’ என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்பது எங்கள் கல்லூரியில் பாலபாடம். சுத்தி செய்து, நெய்யாகவோ இளகமாகவோ முடித்து, பத்தியம் சொல்லி, நாடி பார்த்துக் கொடுக்க வேண்டிய சரக்கு அது. பச்சையாகத் தலையில் தேய்க்கிற பொருள் இல்லை. நேர்வாளமும் இப்படித்தான், கொப்புளிக்க வைக்கும். குன்றிமணி இன்னும் மோசம். அந்த அழகான சிவப்பு விதைக்குள் இருக்கிற விஷம், அரைத்த நிலையில் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தலையில் பூசிய கையைத்தானே குழந்தை வாயில் வைக்கும்? இந்த மூன்றும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அலமாரியில்கூட இருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

‘அப்போ சின்ன வெங்காயம்?’ என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. 2002-ல் பாக்தாத் நகரத்து தோல் மருத்துவர்கள் இரண்டு பேர் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். 23 பேருக்குத் தினம் இரண்டு வேளை வெங்காயச் சாறு, 15 பேருக்கு வெறும் குழாய்த் தண்ணீர். ஆறு வாரத்தில் சாறு பூசியவர்களில் 20 பேருக்கு முடி வந்தது. தண்ணீர் பூசியவர்களில் 2 பேருக்கு. நல்ல செய்திதான். ஆனால் சோதனை ரொம்பச் சின்னது. யாருக்குச் சாறு, யாருக்குத் தண்ணீர் என்று ஒளிக்கவும் முடியாது, வெங்காய வாசனையை எங்கே ஒளிப்பது? எனவே நான் இதை ‘கைகண்ட மருந்து’ என்று சொல்ல மாட்டேன். ஸ்கூல் போகிற வயதுப் பிள்ளை, தோலில் புண் இல்லை, செதில் இல்லை, டாக்டர் ஒருவர் பார்த்து இது புழுவெட்டுதான் என்று சொல்லிவிட்டார் என்றால், சாறு பிழிந்து சமமாகத் தண்ணீர் கலந்து பூசிப் பார்க்கலாம். சிவந்தால், எரிந்தால், அன்றோடு நிறுத்திவிட வேண்டும். அதோடு மிளகும் உப்பும் சேர்த்து அரைத்துப் பற்றுப் போடுவது பெரியவர்களுக்குச் சொன்னது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைப் போட்டுவிட்டு, ‘அழாதே, முடி வளரணும்ல’ என்று பிடித்து உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

டாக்டர் ஒருவர் பார்த்துச் சொன்னால் என்றேன். அதுதான் இதில் முக்கியம். தலையில் வட்டமாக முடி போனதெல்லாம் புழுவெட்டு இல்லை.

தோல் வழவழப்பாக, சுத்தமாக, அரிப்போ செதிலோ இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் புழுவெட்டு. வட்டத்தின் ஓரத்தில் ஆச்சரியக்குறி மாதிரி, அடியில் மெலிந்து நுனியில் பருத்த குட்டை முடிகள் தெரியும். சில பிள்ளைகளுக்கு நகத்தில் ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள்கூட இருக்கும்.

ஆனால், அந்த இடத்தில் பொடுகு மாதிரி செதில் உதிர்கிறதா? பிள்ளை சொறிந்துகொண்டே இருக்கிறதா? முடி வேரோடு விழாமல் தோல் மட்டத்தில் ஒடிந்து, கரும்புள்ளி கரும்புள்ளியாகத் தெரிகிறதா? கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா? அப்படியானால் அது படை. காளான் இனத்துக் கிருமி முடிக்குள்ளேயே புகுந்துகொண்டு செய்கிற வேலை. பூப்பெய்தும் வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். சீப்பு, தொப்பி, தலையணை உறை, கத்தியைச் சுத்தம் செய்யாத சலூன், சில சமயம் வீட்டுப் பூனைக்குட்டி என்று எதிலிருந்து வேண்டுமானாலும் ஒட்டும். புழுவெட்டு ஒட்டாது, இது ஒட்டும்.

இதற்கு மேலே பூசுகிற எந்த மருந்தும் தனியாகப் போதாது. எங்கள் தைலமும் போதாது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டியூபும் போதாது. கிருமி முடித்தண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, பூச்சு அங்கே எட்டாது. வாய் வழியாக மருந்து சாப்பிட வேண்டும். ‘கிரிசியோஃபல்வின்’ என்றால் வழக்கமாக 6 முதல் 8 வாரம். பால் மாதிரி கொஞ்சம் கொழுப்புள்ள ஆகாரத்தோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். ‘டெர்பினாஃபின்’ என்று இன்னொன்றும் உண்டு. எது, எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்வார். சித்த வைத்தியன் ஏன் ஆங்கில மருந்துக்குச் சிபாரிசு செய்கிறான் என்றால், பிள்ளையின் தலையை வைத்துக்கொண்டு கட்சி கட்டக் கூடாது என்பதால்தான். எது குணப்படுத்தும் என்று தெரிந்துவிட்ட பிறகு, ‘எங்க வழியிலேயே பார்க்கிறேன்’ என்று மாதக்கணக்கில் இழுப்பது நியாயமில்லை.

இழுத்தால் என்ன ஆகும்? சில பிள்ளைகளுக்கு அந்தப் படை திடீரென்று பழுத்த கட்டி மாதிரி கொழகொழவென்று வீங்கிச் சீழ் வடியும். காய்ச்சலும் வரலாம். ‘கட்டி பழுத்துடுச்சு, கீறி விட்டுடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீறக் கூடாது. உடனே தோல் டாக்டரிடம் போக வேண்டும். தாமதித்தால் அங்கேயும் நிரந்தரத் தழும்புதான். அதேபோல ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சுயமாக வாங்கிப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். கிருமியும் சந்தோஷமாகப் பரவும்!

அவசர வைத்தியத்தால் பிள்ளைகளைக் கெடுத்தது நாட்டு வைத்தியம் மட்டும்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிரிசியோஃபல்வின் 1950-களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் இந்தத் தலைப்படைக்கு மேல்நாடுகளில் என்ன வைத்தியம் தெரியுமா? எக்ஸ்-ரே! கதிரைப் பாய்ச்சினால் முடி முழுக்கக் கொட்டும், கூடவே கிருமியும் போகும், பிறகு முடி வளர்ந்துவிடும். 1904-லிருந்து பாரிஸில் சபூரோ என்ற பெரிய மருத்துவர் பரப்பிய முறை. இஸ்ரேலில் 1948-லிருந்து 1960 வரை, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குடியேறிய பல்லாயிரம் குழந்தைகளுக்கு இப்படிச் செய்தார்கள். படை போயிற்று. பல வருடங்கள் கழித்து அவர்களில் பலருக்கு மூளையில் கட்டியும் தைராய்டு புற்றுநோயும் வந்ததை 1974-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 1994-ல் அந்த நாடு அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஒரு சட்டமே போட்டது. உயிரைப் பறிக்காத ஒரு படைக்கு, அன்றைய தேதியில் படித்தவர்கள், நல்ல எண்ணத்தோடு செய்த வைத்தியம் அது.

படையா, புழுவெட்டா என்று சந்தேகம் வந்தால் கண்டுபிடிப்பது சிரமமில்லை. செதிலையும் ஒடிந்த முடியையும் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டுக் கரைசல் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிருமி தெரிந்துவிடும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒரு முக்கியமான விஷயம், போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் தலையில் எதையும் பூசாதீர்கள். எண்ணெயும் களிம்பும் அப்பிக்கொண்டு வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. மொட்டை போட்டுக்கொண்டும் வராதீர்கள். ‘மொட்டை போட்டா புது முடி கெட்டியா வரும்’ என்பது வெறும் நம்பிக்கை. கத்தி படுவது தோலுக்கு மேலே, வேலை நடப்பது கீழே. சாமிக்கு வேண்டுதல் என்றால் அது வேறு, தாராளமாகப் போடுங்கள், புது பிளேடா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் எந்தத் தாயும் முதலில் நம்ப மாட்டார். முடி போன இடம் வட்டமாக இல்லாமல் கோணல்மாணலாக இருக்கும். முழு வழுக்கையாகவும் இருக்காது. ஒன்று அரை அங்குலம், ஒன்று கால் அங்குலம் என்று நீளம் மாறி மாறி நிற்கும். வலது கைப் பிள்ளை என்றால் பெரும்பாலும் வலப்பக்கம் அல்லது உச்சி. பிள்ளை தானே பிய்த்துக்கொள்கிறது! படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, தூக்கம் வரும்போது... தனக்கே தெரியாமல்கூட. ‘எம் பொண்ணு அப்படியெல்லாம் செய்ய மாட்டா டாக்டர்’ என்பார்கள். நான் வாதாட மாட்டேன். இரண்டு வாரம் திட்டாமல் கவனித்துவிட்டு வாருங்கள் என்பேன். தலையணைக்கு அடியிலும் மேஜைக்குப் பின்னாலும் முடிச் சுருள் கிடைத்ததாக வந்து சொல்வார்கள்.

இந்தக் குழந்தைக்குத் தலையில் எந்த மருந்தும் வேண்டாம். புது ஸ்கூலா, வீட்டில் ஓயாத சண்டையா, தம்பி பிறந்துவிட்டானா, பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கியே ஆக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கையைத் தட்டிவிடுவதும், ‘வழுக்கச்சி’ என்று கேலி செய்வதும் வழக்கத்தை இன்னும் ஊன்ற வைக்கும். தானாக நிற்காவிட்டால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம். பிய்த்த முடியைத் தின்கிற பிள்ளைகளும் உண்டு. முடி ஜீரணமாகாது. வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முடி பிய்க்கிற பிள்ளை ‘வயிறு வலிக்குது, சாப்பாடு வேண்டாம்’ என்று சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்குப் பின்மண்டையில் முடி தேய்வது படுக்கையில் உரசுவதால், உட்காரப் பழகியதும் சரியாகும். நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி குறைந்தால் ஜடையைப் பாருங்கள். ஸ்கூலுக்கு இரட்டை ஜடை கட்டாயம்தான், அதற்காகப் புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்துப் பின்ன வேண்டியதில்லை. டெங்கு, டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால் அது காய்ச்சலின் பாக்கி, தானே தீரும்.

சரி, புழுவெட்டுதான் என்று தெரிந்துவிட்டது. என்னதான் செய்வது? ஒன்று இரண்டு வட்டம் மட்டும் என்றால் நான் பெற்றோரிடம் முதலில் கேட்பது மூன்று மாத அவகாசம். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர்களின் முகம் விழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ‘இவ்வளவு தூரம் வந்து, இவர் சும்மா இருங்கன்னு சொல்றாரே!’ என்ற ஏமாற்றம். சும்மா இருங்கள் என்று சொன்னால் ஃபீஸ் வாங்கவே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எங்களில் பலர் ஒரு தைலம், ஒரு சூரணம் என்று கையில் எதையாவது கொடுத்து அனுப்புகிறோம். தைலத்தில் காந்துகிற சரக்கு எதுவும் இல்லாதவரை அதனால் மோசமில்லை. பெயர் எழுதாத பொட்டலத்தில் பற்பம், செந்தூரம் என்று யாராவது கொடுத்தால் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

சும்மா இருப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது அல்ல. மூன்று மாதத்துக்குள் வட்டங்கள் கூடிக்கொண்டே போனால், பிடரியிலும் காதோரமும் பட்டை போலப் பரவினால், புருவமும் இமையும் உதிர்ந்தால், நகம் குழி விழுந்தால், அல்லது மூன்று மாதமாகியும் ஒரு முடிகூட எட்டிப் பார்க்காவிட்டால், நிபுணரிடம் போயே ஆக வேண்டும். குடும்பத்தில் தைராய்டு கோளாறோ வெண்புள்ளியோ இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், இவை ஒன்றுக்கொன்று உறவு. பூசுவதற்கு, ஊசிக்கு என்று அவர்களிடம் பல வழிகள் உண்டு. தலை முழுக்கப் போய்விட்டவர்களுக்கு 2022-ல் அமெரிக்காவில் பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அனுமதித்தார்கள், அது பெரியவர்களுக்கு. 2023-ல் வந்த ரிட்லெசிட்டினிப் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் உண்டு. இவை உடம்பின் காவல்படையையே அடக்கி வைக்கிற மருந்துகள். காசு அளவு வட்டத்துக்கு அதைத் தேடி ஓடுவது, கொசுவுக்குப் பீரங்கி பிடிப்பது போல.

முடி முளைக்கும்போது முதலில் வெள்ளையாகத்தான் வரும். ‘ஐயோ, இந்த வயசிலேயே நரையா!’ என்று பிடுங்கிவிடாதீர்கள். அது நல்ல சகுனம். கறுப்பு பின்னாலேயே வரும். மறுபடி வேறு இடத்தில் ஒரு வட்டம் விழவும் கூடும். அதையும் முன்பே தெரிந்துகொண்டால் பயம் இருக்காது.

இந்த மூன்று மாதத்தில் குழந்தை படுகிற பாடு முடியால் அல்ல, ஸ்கூலால். வகுப்பில் தொப்பியைப் பிடுங்குவார்கள். ‘அவ பக்கத்துல உக்காராதே, ஒட்டிக்கும்’ என்பார்கள். சொல்வது சக பிள்ளைகள் மட்டுமல்ல, சில சமயம் அவர்களின் அம்மாக்களும். எனவே மருந்துச் சீட்டோடு நான் கிளாஸ் டீச்சருக்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதித் தருகிறேன். ‘இக்குழந்தைக்கு இருப்பது புழுவெட்டு. இது தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்காரலாம், விளையாடலாம், தொடலாம்.’ இவ்வளவுதான். உங்கள் டாக்டரிடமும் கேட்டு வாங்குங்கள். எந்த டாக்டரும் மறுக்க மாட்டார்.

குழந்தையிடமும் உண்மையைச் சொல்லுங்கள். ‘உன் உடம்புல இருக்கிற போலீஸ்காரங்க ஆள் தெரியாம உன் முடியையே அடிச்சுட்டாங்க. கொஞ்ச நாள்ல தப்பு தெரிஞ்சு நிறுத்திடுவாங்க’ என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும். நேற்று ஸ்கூலில் கேலி செய்தவனுக்கு அதையே திருப்பிச் சொல்லவும் தெரியும்.

தினமும் விளக்கடியில் உட்கார வைத்துத் தலையைப் புரட்டிப் பார்க்க வேண்டாம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மாதம் ஒரு நாள், வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படத்தையும் முதல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் காட்டினால் போதும்.